கைக்கு ஏற்ற தொகுதி

இரயில்வேயின் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு நாள்தோறும் கண்ணிற்படும் காட்சி ஒன்றுண்டு. ஒவ்வொரு சரக்கு வண்டியின் பக்கத்திலும் அதன் வெற்று எடை இவ்வளவு, அது தாங்கும் பாரம் இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். அந்த அளவை மீறிப் பாரம் ஏற்ற நாம் ஒப்புக்கொள்வதில்லை. மீறினால் அச்சு முறியும். வண்டி தடம் புரளும். மனிதனுடைய கையின்மேல் இவ்வாறு அளவு எழுதி வைத்தவர் எவருமிலர். தன் கை எவ்வளவு தாங்கும் என்பதை அவனவனே அறிந்து கொள்ளல் வேண்டும். இவ்வுண்மையை எமது குடும்பத்திற்கு உணர்த்தியது, சொன்னால் வியப்பீர்கள், ஒரு பழங்காலத் துப்பாக்கி!

கரக்பூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கும் இன்று அமெரிக்காவில் ஓர் உறவு இருக்கிறது. எமக்கும் உண்டு. எம் மனைவியின் தம்பி பென்சில்வேனியா மாநிலத்தில் பொறியாளராக இருக்கிறார். அவருடைய மகனுக்குப் பதினைந்து வயது. அங்குள்ள பொழுதுபோக்குகளுள் ஒன்று, நம்மவர்க்குப் புதியது. பழைய முறைத் துப்பாக்கியைப் பகுதி பகுதியாக விலைக்கு வாங்கி, வீட்டிலேயே இழைத்து, அரத்தால் தேய்த்து, பொருத்தி முடிப்பது. அப்பகுதிகள் அனைத்தும் ஒரு பெட்டியில் வரும். ‘கிட்’ என்று சொல்கிறார்களே, அதுதான். யாம் இங்கே ‘தொகுதி’ என்று வழங்குவோம். தந்தையும் மகனும் சேர்ந்து அத்தகைய தொகுதி ஒன்றை வாங்கப்போக, அதனால் விளைந்த இடரையும் படிப்பினையையும் வாசக அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சிறிது சொல்லுதல் நலம். இக்காலத் துப்பாக்கிக்குத் தோட்டாவைப் பின்புறமாக இடுகிறார்கள். பழைய துப்பாக்கியிலோ குழலின் வாய் வழியாகவே கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, நீண்ட கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். நம் நாட்டு மலையோரச் சிற்றூர்களில் பயிர்க்காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அமெரிக்காவில் இவ்வினத்தின் முடிமணியாகக் கருதப்படுவது பென்சில்வேனியா நெடுந்துப்பாக்கி. ‘கென்டக்கி துப்பாக்கி’ என்ற பெயரும் அதற்குண்டு. அதன் வரலாறு புலம்பெயர்ந்து வாழும் நமக்குச் சுவை தருவது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கொல்லர்கள், தம் ஊர் வழக்கப்படி குட்டையும் கனமுமான வேட்டைத் துப்பாக்கியையே முதலில் செய்தனர். புதிய மண்ணின் அடர்ந்த காடும் நெடுவழியும் வேறொன்றைக் கேட்டன. ஆகவே குழலை நீட்டினர், குண்டைச் சிறிதாக்கினர், கட்டையை மெலிய இழைத்தனர். லாங்கஸ்டர் வட்டாரத்துப் பட்டறைகளில் இவ்வாறு ஒரு புதுப்படைப்பு உருவாயிற்று. சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்திறனை வந்த ஊரின் தேவைக்கேற்ப வளைத்துக் கொண்டவர்கள் அவர்கள்.

1930ஆம் ஆண்டுகளில் இப்பழங்கலை மீண்டும் தளிர்த்தது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் ஆர்வமுடையோர் 1933இல் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டனர். இந்தியானா மாநிலத்துப் பிரண்ட்ஷிப் என்னும் சிற்றூர் அச்சங்கத்தின் இருப்பிடமாயிற்று. நாளடைவில், முழுத் துப்பாக்கியையும் தாமே செய்ய இயலாதவர்க்கும் கை வேலையின் இன்பம் கிட்டட்டும் என்று வணிகர்கள் தொகுதிகளை விற்கத் தொடங்கினர்.

எம் மைத்துனரும் ஒரு தொகுதி வாங்கினார். எதை வாங்கினார்? கடைப் பட்டியலில் கண்ணுக்கு மிக அழகாய்த் தோன்றியதை! நீண்ட குழல், மேப்பிள் மரக்கட்டை, பித்தளை அணிகள். கட்டை ஓரளவே செதுக்கப்பட்டிருந்தது. மிச்சத்தைச் செதுக்குவது வாங்குபவர் பொறுப்பு. “நான் பொறியாளன், வரைபடம் இருக்கிறது, பிறகென்ன?” என்பது அவர் எண்ணம். இரண்டாம் வாரத்திலேயே குழல் தன் பள்ளத்தில் இறுகிச் சிக்கிக்கொண்டது. அதை வலிந்து இழுத்தபோது, முன்கட்டையின் மெல்லிய ஓரம் ஒரு சாண் நீளம் பிளந்துவிட்டது. அந்த இடத்தில் மரத்தின் கனம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இருக்கலாம், அவ்வளவே. செய்தவர்மேல் குற்றமில்லை, பட்டியலிலேயே ‘பயின்ற கைக்கு உரியது’ என்று போட்டிருந்ததாம்.

எம் மாமனார் பொன்மலை இரயில்வே பட்டறையில் பெட்டித் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியாரின் மறைவுக்குப் பின் எம்மோடு கரக்பூரில் வசிக்கிறார். மைத்துனர் கைப்பேசியின் திரையில் அந்தப் பிளவைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உளியை எதில் தீட்டினாய்?”

“புது உளி அப்பா. கடையில் வாங்கியபடியே இருக்கிறது.”

“கடையில் வாங்கியது உளி இல்லையடா. உளியாக வேண்டிய இரும்பு.”

மைத்துனருக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்கள் என்னை உளியைத் தொட விட்டீர்களா அப்பா? பெட்டியைப் பூட்டி வைத்துப் ‘படி, படி’ என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டுவிட்டார். பெரியவர் மறுமொழி கூறவில்லை. கைப்பேசியை எம்மிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குச் சென்று அமர்ந்தார். அதன்பின் மூன்று வாரம் அவ்வீட்டிற்கும் இவ்வீட்டிற்கும் பேச்சில்லை.

அன்பர்களே, இக்குறை எம் வீட்டோடு நிற்பதா? நம்முள் எத்தனை பேருடைய தந்தையர், ‘என் பிள்ளை என்னைப்போல் கையில் காய்ப்பேற உழைக்கலாகாது’ என்று கருதிக் கருவிப் பெட்டியைப் பூட்டி வைத்தார்கள்! அவர்கள் செய்தது அன்பினால். ஆயினும், மூன்று தலைமுறை பேணிய கைப்பழக்கம் ஒரே தலைமுறையில் அற்றுப்போயிற்று என்பதும் உண்மையன்றோ?

மூன்று வாரம் கழித்துப் பேச்சைத் தொடங்கியவர் பெயரனே. “தாத்தா, உளி தீட்டுவது எப்படி?” என்று கேட்டான். அன்று முதல் ஞாயிறுதோறும் காலையில் எம் வீட்டில் தச்சுப் பாடம் நடந்தது. அப்பாடத்திற்கு அருகே அமர்ந்து யாம் குறித்துக்கொண்டவையும், மைத்துனர் அங்குள்ள கைவினைஞரிடம் கேட்டு எழுதியவையும் சேர்ந்தே கீழே வருகின்றன. பத்தாம் வகுப்பளவில் படிப்பை முடித்த எமக்குத் துப்பாக்கி நூலறிவு கிடையாது; கேட்டறிந்ததையே கூறுகிறோம்.

தொகுதிகளை நான்கு படிகளாக வகுக்கலாம்.

முதற்படியில் கட்டை ஏறத்தாழ முடிந்த நிலையிலேயே வரும். குழலுக்கும் பூட்டுக்கும் உரிய பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். வாங்குபவர் அங்குமிங்கும் சற்றே தேய்த்துப் பொருத்தி, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, சாயமேற்றி, ஆளிவிதை எண்ணெய் பூசி, பித்தளையை மெருகிட்டு, இரும்புக்கு நிறமேற்ற வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தைச் சார்ந்த டிரெடிஷன்ஸ் நிறுவனத்தாரின் கென்டக்கிக் கைத்துப்பாக்கித் தொகுதியும், அதே பெயருடைய நெடுந்துப்பாக்கித் தொகுதியும் இவ்வகையின. அந்த நெடுந்துப்பாக்கியின் கட்டை இரண்டு துண்டாக வரும். அழகில் இது சற்றுக் குறைவு எனினும், புதியவர்க்கு நன்மை. நீண்ட மெல்லிய மரம் ஒரே துண்டாய் இல்லாததால் பிளக்கும் அச்சம் குறைகிறது. விலையும் சில நூறு டாலரோடு நிற்கும். அரமும் உப்புத்தாளும் திருப்புளியும் பொறுமையும் இருந்தால் போதும்.

இரண்டாம் படியில் வேலை நுண்ணியது. ஆனால் வழி நேரானது. ஒகையோவைச் சேர்ந்த ஜிம் கிப்ளர் என்னும் கைவினைஞர், கணிப்பொறியால் இயங்கும் குடைவு இயந்திரங்களைக் கொண்டு கட்டையை மிக நுட்பமாக வெட்டித் தருகிறார். மேப்பிள், வால்நட் போன்ற நல்ல மரம். குழலும் பூட்டும் தத்தம் இடத்தில் ஏறக்குறைய அப்படியே அமர்ந்துவிடும். ஆயினும், வார்த்த பித்தளை உறுப்புகளை அரத்தால் திருத்தி மரத்தோடு ஒட்ட வைப்பதும், இயந்திரத்தின் தடம் தெரியாதபடி கட்டையைத் துலக்குவதும் கையின் வேலை. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். முதற்படியை முடித்தவர்க்கும், முன்னரே மரவேலை பழகியவர்க்கும் இது ஏற்றது.

மூன்றாம் படியே எம் மைத்துனரை வீழ்த்தியது. கட்டையின் உருவம் தெரியும். பள்ளங்களும் ஓரளவு வெட்டியிருக்கும். மிச்சம் விட்டிருக்கும் அந்தச் சிறு அளவுதான் முழுத் திறனையும் கேட்பது. குழலின் அடிப்பகுதி, பூட்டு, விசை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நோக்கி அமைதல் வேண்டும். குழலின் தீத்துளை, பூட்டின் மருந்துக் கிண்ணத்திற்கு நேராக நிற்க வேண்டும். விசையை இழுத்தால் பூட்டின் உள்நாக்கு விடுபட வேண்டும். ஒன்று மயிரிழை தவறினாலும் மற்றவை தவறும். வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்டவும் முடியாது.

நான்காம் படியில் தொகுதியே கிடையாது. பலகையும் குழலும் பூட்டும் தனித்தனியே வாங்கி, எல்லாவற்றையும் தாமே செய்வது. அதற்கும் அப்பால், வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரத்தில் பழைய முறைப்படி உழைக்கும் கொல்லர்களைப்போல் குழலையும் பூட்டையும்கூட அடித்தே உருவாக்குவோர் உளர். பல நூறு மணி நேர வேலை அது. அது தவம், பொழுதுபோக்கு அன்று.

இவற்றுள் நமக்கு உரியது எது என்று எப்படி அறிவது? பெரியவர் மூன்று சோதனைகள் வைத்தார். ஒன்று: உளியைத் தீட்டி, ஒரு துண்டு மரத்தின் முனையைக் குறுக்கே சீவு. சீவிய முகம் கண்ணாடிபோல் பளபளக்கிறதா, மாவுபோல் உதிர்கிறதா என்று பார். இரண்டு: ஒரு பித்தளைத் துண்டைச் சமமாக அராவி, நேர்க்கோலை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடி. இடையே ஒளி தெரிந்தால் கை இன்னும் ஆடுகிறது. மூன்று: ஒரு கதவுக் கீலை எடுத்து, அதன் உருவத்திற்குச் சரியாக மரத்தில் பள்ளம் வெட்டிப் பதி. சுற்றிலும் இடைவெளி இன்றிக் கீல் அமர்ந்தால் நீ மூன்றாம் படிக்குத் தகுதி. முதலிரண்டில் மட்டும் தேறினால் இரண்டாம் படி. எதிலும் தேறாவிட்டால் முதற்படி. அதில் வெட்கத்திற்கு இடமேயில்லை.

மைத்துனர் மூன்றிலும் தேறவில்லை. மகன் இரண்டாவதில் மட்டும் தேறினான்!

மூன்றாவது சோதனைக்குப் பெரியவர் ஒரு நுட்பம் கற்பித்தார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து உலோகத்தின் அடியில் தடவி, மரத்தில் வைத்து மெல்லத் தட்டி எடுத்தால், இடிக்கும் இடத்தில் மட்டும் கரி ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் சீவ வேண்டும். மறுபடி தடவு, மறுபடி வை, மறுபடி சீவு. நம் பட்டறைகளில் பிட்டர்கள் நீல மை தடவித் தாங்கிகளைச் சுரண்டிப் பொருத்துவதும் இதே முறையில்தான். அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞரும் இதையே செய்கின்றனர் என்று மைத்துனர் சொன்னபோது, “பின்னே? மரம் எல்லா ஊரிலும் மரந்தானே!” என்றார் பெரியவர். அன்றுதான் அவர் முகத்தில் பழைய சிரிப்பைக் கண்டோம்.

தேர்ந்தெடுப்போர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. தீ மூட்டும் முறை. பழையது சக்கிமுக்கிக் கல் முறை. குதிரை வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டில் மோதித் தீப்பொறி சிந்தும். அடுத்தது கேப்பு முறை. 1807இல் அலெக்சாண்டர் போர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு தீ மூட்டுவதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். அவ்வழியில் பின்னர்ச் செம்புக் கேப்பு வந்தது. கல் முறையில் கல்லின் கோணம், தகட்டின் கடினம், தீத்துளையின் இடம் ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். ஆதலால் புதியவர்க்குக் கேப்பு முறையே எளிது. கல் முறையில் ஆசை மிகுந்தால், முன்னரே கூட்டிச் சரிபார்த்த பூட்டு வரும் தொகுதியையே வாங்குதல் நன்று.

பணக் கணக்கிலும் ஏமாறலாகாது. தொகுதியின் விலை மட்டுமே செலவு என்று எண்ணுவோர் பலர். அரம், உளி, தீட்டுக்கல், பிடிப்புக் கருவி, எண்ணெய், சாயம் எல்லாம் தனி. இருக்கும் பணம் முழுவதையும் தொகுதிக்கே கொடுத்துவிட்டு மழுங்கிய உளியோடு உட்காருவதைவிட, எளிய தொகுதியும் நல்ல கருவியும் வாங்குவதே அறிவுடைமை. தொகுதி ஒரு முறை முடியும். கருவி தலைமுறைக்கும் நிற்கும்.

இனிப் பாதுகாப்பு. இது விளையாட்டுப் பொருளன்று. குழலின் அடியை அடைத்திருக்கும் திருகடைப்பை வீட்டில் கழற்றலாகாது. இத்துப்பாக்கிக்குக் கரிமருந்தோ, அதற்கு மாற்றாகவே செய்யப்பட்ட மருந்தோ அன்றி, இக்காலத் தோட்டாக்களின் புகையில்லா மருந்தை இட்டால் குழல் வெடித்து உயிரைக் குடிக்கும். கூட்டி முடித்ததைத் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் பார்த்து ஒப்புதல் கூறும்வரை மருந்து என்ற பேச்சே கூடாது. சிறுவர் தனியே கையாளுதல் அறவே கூடாது.

சட்டத்தையும் மறத்தலாகாது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரிமருந்தால் இயங்கும் இப்பழைய முறைத் துப்பாக்கிகளைப் பொதுவாகப் ‘பழம்பொருள்’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. எனினும் மாநிலத்திற்கு மாநிலம் விதி வேறுபடும். நம் நாட்டில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். அதன் உறுப்புகளும் அச்சட்டத்தின்கீழ் அடங்கும். பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள அச்சட்டத்தில் வழியுண்டு என்றாலும், அதற்கும் உரிமம் வேண்டும். எனவே இதைப் படித்துவிட்டு எந்த அன்பரும், “தம்பி, வரும்போது ஒன்று கொண்டுவா” என்று அமெரிக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட வேண்டாம்! அங்கு வாழும் உறவினர்க்கு இவ்விதழை அனுப்பி வைத்தால் போதும்.

முடிவு என்னாயிற்று என்று கேட்பீர்கள். மைத்துனர் முதற்படித் தொகுதி ஒன்றை வாங்கினார்; கேப்பு முறைக் கைத்துப்பாக்கி. தந்தையும் மகனுமாக நான்கு மாதம் உழைத்தனர். மூன்று வாரத்தில் முடிந்திருக்கும் வேலை, பெரியவர்தாம் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் திரையில் பார்த்து, “இன்னும் தேய், மரத்தின் ரேகை ஓட்டத்திலேயே தேய்” என்பார். எண்ணெய் பூசிய கட்டையில் ரேகை பொன்போல் துலங்கிய நாளில், மைத்துனர் அதைத் திரைக்கருகே பிடித்து, “சரியாக இருக்கிறதா அப்பா?” என்று கேட்டார். நாற்பது வயது கடந்த பொறியாளரின் குரல் அன்று பள்ளிச் சிறுவன் குரலாய் இருந்தது. “பொன்மலையில் உனக்கு ஒரு பெஞ்சு கொடுத்திருப்பார்கள்” என்றார் பெரியவர். எம் மனைவி அடுக்களைக்குள் சென்று கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

பிளந்த நெடுந்துப்பாக்கிக் கட்டை இன்னும் அவ்வீட்டு மூலையில் இருக்கிறது. பிளவைப் பசையிட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். “அடுத்து இதை எடுக்கலாமா தாத்தா?” என்று பெயரன் கேட்டதற்கு, “முதலில் உன் உளிகளுக்கு மூடியோடு ஒரு பெட்டி செய். மூடி இடைவெளியின்றி அமர்ந்தால் பார்க்கலாம்” என்று விடை வந்தது.

அண்மையில் எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அமெரிக்கா சென்றது. அவர்களிடம் கொடுத்தனுப்பப் பெரியவர் தம் கருவிப் பெட்டியைத் திறந்தார். எம் மனைவிக்கு நினைவு தெரிந்த நாள்முதல் பூட்டியே இருந்த பெட்டி. அதிலிருந்து அரை அங்குல உளி ஒன்றை எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி எம்மிடம் தந்தார். பெரிய பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்ப வேண்டும், கைப்பையில் வைக்கலாகாது என்று எடுத்துச் சொல்லி, யாமே கட்டிக் கொடுத்தோம். எத்தனையோ ஆயிரம் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிய கை எம்முடையது. அந்தச் சிறு பொட்டலத்தின் எடையை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

துப்பாக்கித் தொகுதியாயினும், நம் பிள்ளைகள் கேட்கும் தொலைநோக்கித் தொகுதியாயினும், வானொலித் தொகுதியாயினும், வாங்குமுன் பட்டியலைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். அது இதுவரை செய்து பழகியது எது என்று கேளுங்கள். அதற்கு ஒரு படி மேலே உள்ளதை எடுங்கள். மூன்று படி மேலே உள்ளதை வேண்டாம். வீட்டில் ஒரு முதியவர் இருந்தால், அவர் பூட்டி வைத்திருக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.